வாசலில் வேப்பங்கொத்து

“பிள்ளைக்கு அம்மை இறங்கட்டும், மூணு தண்ணி ஊத்திட்டு வர்றேன் மாமின்னு சொன்னேன். ‘கொடி ஏறையில மருமக கயிறு பிடிக்கலைன்னா ஊரு என்னைக் காறித் துப்பும், பிள்ளையை உங்க அம்மாகிட்டப் போட்டுட்டு வா, ஒரு நாள்தானே’ன்னு நீங்கதான் போன்ல கத்துனீங்க.”

மருமகள் விண்ணரசி இதைச் சொல்லி முடித்தபோது எமரன்சியா அரிவாள்மணையில் உட்கார்ந்து சீலா மீனின் செவுளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அதே பேச்சு. ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தூக்க வேண்டிய இடத்தில் குரலைத் தூக்கி, கொடி ஏறிய நாளிலிருந்து இன்றோடு இருபத்தேழு நாளாக இவள் ஒப்பிக்கிறாள். கான்வென்ட்டில் ஞானோபதேசம் ஒப்பித்துப் பரிசு வாங்கிய எமரன்சியாவே நடுவில் ஒருதரம் எச்சில் விழுங்கியிருக்கிறாள். இவளுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.

“ஒரு நாள்தான்னு நெனச்சேன். ரெண்டாயிரம் வருஷம்னு எனக்கு யாரு தந்தி குடுத்தா?” என்றாள் எமரன்சியா. “நின்னு பார்க்காம புளியை ஊறப் போடு.”

“புளி தீர்ந்து நாலு நாளாச்சு மாமி.”

அதற்கும் எமரன்சியாதான் காரணம் என்பதுபோலச் சொல்லிவிட்டு அந்தப் பெண் பின்பக்கம் போனாள்.

நெடும்பார்த் தீவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு சந்தியாகப்பர் கோயில், ஒரே டீச்சர் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம், தண்ணீர்ப் படகு வந்து நிற்க ஒரு பாலம், இவ்வளவுதான். ஆடி பிறந்து மூன்றாம் நாள் சந்தியாகப்பருக்குக் கொடியேற்று. அந்தக் கொடிக்கயிற்றை ஆண்கள் தொடக் கூடாது, வீட்டுக்கு ஒரு மருமகள் வந்து பிடித்து இழுக்க வேண்டும், எந்த வீட்டுக் கை கயிற்றில் படவில்லையோ அந்த வீட்டில் அந்த வருஷம் துக்கம் விழும் என்பது எத்தனையோ தலைமுறையாக நடக்கிற வழக்கம். அம்மை கண்ட பிள்ளையைக் கொடிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொன்று. எமரன்சியாவின் மகன் ஜெரால்டு ஓமான் கடலில் மீன் பிடிக்கிறான், புருஷன் செத்து ஆறு வருஷம், ஆகவே அந்த வீட்டுக்கு இருக்கிற கை விண்ணரசியின் கைதான். பத்து மாதப் பிள்ளை ஆரோனை எதிர்க்கரையில் தன் அம்மாவிடம், வேப்பிலைப் படுக்கையில், போட்டுவிட்டு அவள் வந்தாள். வரும்போதே மார்பில் பால் கட்டி, கையைத் தூக்க முடியாமல் வந்தாள்.

அன்றைக்கு ஃபாதரின் படகு எதிர்க்கரையில் டீசலுக்காக நின்றது. பதினோரு மணி வெயிலில் ஐம்பது மருமகள்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் நின்றார்கள். மண்டை காய்ந்துபோய் எமரன்சியாதான் சத்தம் போட்டாள்: “ஏறுன பிறகு ஃபாதர் வந்து கொடியை மந்திரிச்சா ஆகாதாமா? இழுக்கச் சொல்லுங்க உபதேசியாரே, சுண்டல் ஊசிப்போகுது!” ஃபாதர் இல்லாத நாளில் கோயிலில் ஜெபம் சொல்லி வைக்கும் தொம்மை உபதேசியார் நல்ல மனிதர், கடவுளுக்கு அடுத்தபடியாக எமரன்சியாவின் வாய்க்குப் பயந்தவர். இழுக்கச் சொன்னார். கொடி உச்சியைத் தொட்டு விரிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், கைதட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எதிர்க்கரையில் செல்போன் டவர் இல்லை, ஐஸ் கம்பெனியின் தகரக் கூரை இல்லை, ஃபாதரின் படகு இல்லை, கரை மட்டும் இருந்தது, கரை நெடுகத் தாழம்புதரும் பனையும் இருந்தன, பனைகளுக்கு நடுவில் யாரோ அடுப்பு மூட்டிய புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

யாரும் மயங்கி விழவில்லை. ஊசிப்போகுமுன் சுண்டலைக் கொடுத்து முடித்தார்கள்.

மூன்றாம் நாள் எதிர்க்கரைக்காரர்கள் கட்டுமரத்தில் வந்தார்கள். மூன்று நாள் முன்புவரை முள்ளும் மணலுமாகக் கிடந்த தீவில் ஓட்டு வீடும் கோயிலும் இருநூறு பேரும் முளைத்ததைப் பார்த்து அவர்களும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கடல் சிலதைக் கொண்டுவந்து போடும், சிலதை எடுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்தவர்கள் போலிருந்தது. மண்பானையில் குடிதண்ணீர் கொடுத்துவிட்டுப் பச்சையும் சிவப்புமாய்ப் பிளாஸ்டிக் குடங்கள் வாங்கிப் போனார்கள். அவர்கள் பேச்சில் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பள்ளிக்கூடத்துக் கில்டா டீச்சர் மட்டும், சின்ன வயசில் சங்கப்பாட்டு மனப்பாடப் பகுதி முழுவதையும் தலைகீழாகச் சொன்னவள் என்பதால், முக்கால்வாசி பிடித்துவிட்டாள். அவர்கள் பானையில் கீறியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆண்டவர் பிறக்க இன்னும் எரநூறு வருஷமாவது இருக்கு” என்று அவள் கோயில் வாசலில் அறிவித்த பிறகுதான் தீவில் உண்மையான கலவரம் வந்தது.

ஏனென்றால் ஆண்டவரே பிறக்கவில்லை என்றால் சந்தியாகப்பர் எங்கே, அவர் தகப்பன் எங்கே, பிறக்காத அப்போஸ்தலருக்கு ஏற்றிய கொடி செல்லுமா செல்லாதா? செல்லாது என்றால் இறக்கிவிடலாமே என்றார்கள் இளவட்டங்கள். உபதேசியார் ஒத்துக்கொள்ளவில்லை. பூசை இல்லாமல் திருவிழா முடியாது, திருவிழா முடியாமல் கொடி இறங்காது, பூசை வைக்க ஃபாதர் வேண்டும், உலகத்தில் முதல் ஃபாதர் வருவதற்கே இன்னும் இரண்டு மூன்று நூறு வருஷம் ஆகும் என்று அவர் விரல் மடக்கிச் சொன்னார். மந்திரிக்காத கொடியை ஏற்றியது ஒரு பாவம், நேரம் வராமல் இறக்கினால் அது இரண்டாவது பாவம் என்று சொல்லும்போது எமரன்சியா பக்கம் பார்க்காமல் பார்த்தார். ஆகவே ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லி முடித்து, பத்தாம் நாள் வராததால் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்கள். அது முடிந்ததும் மறுபடி. தேதியையும் கிழமையையும் விட்டுவிட்டு, ‘ரெண்டாம் நவநாள் நாலாம் நாள் கோழி முட்டை வச்சுது’ என்று பேசப் பழகினார்கள். சனிக்கிழமை என்று அவர்களாக வைத்துக்கொண்ட நாளில், பாவசங்கீர்த்தனம் கேட்க ஃபாதர் உட்காரும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காலி நாற்காலியின் காதில் வரிசையில் போய்ப் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

“நாற்காலி என்ன அபராதம் போட்டுச்சு?” என்று திரும்பி வருகிறவர்களை எமரன்சியா கேட்பாள். அவள் அந்த வரிசையில் நிற்கவில்லை. ஊர் முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் ‘எமரன்ஸ் அவசரம்’ என்று பேசிக்கொண்டிருக்கும்போது போய் நின்றால், முதல் பாவமாக எதைச் சொல்லப்போகிறாள் என்று வரிசையே காது தீட்டும்.

ஊர் பேசியது அவளைத் தொடவில்லை. விண்ணரசி பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கட்டிய பாலைத் தானே பீய்ச்சி மணலில் விடும் சத்தம்தான் தொட்டது. தினமும் இரண்டு வேளை. அதைக் கேட்காமலிருக்க எமரன்சியா அம்மியில் ஒன்றுமே வைக்காமல் அரைத்தாள்.

இரண்டாம் நவநாளில் வெண்ணி வந்தாள்.

எதிர்க்கரையில் முத்துச்சிப்பி எடுக்க மூழ்குகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி, இருபது வயசுகூட இருக்காது, புருஷன் போன பருவத்தில் மூழ்கியவன் மேலே வரவில்லை என்று கில்டா டீச்சர் விசாரித்துச் சொன்னாள். தீவுக்குக் கிழக்கே கடலுக்கடியில் உள்ள பாறைப் பாரில் அவர்களுக்குத் தொழில். வீடுகள் முளைப்பதற்கு முன்பு கைப்பிள்ளையைத் தீவு மணலில் முள்செடி நிழலில் கட்டிப் போட்டுவிட்டு மூழ்கியிருக்கிறாள். இப்போது அந்த முள்செடி இருந்த இடத்தில் எமரன்சியாவின் வீடு இருந்ததால், அவள் பழையபடி அங்கேயே வந்து, சமையற்கட்டுக்கு வெளியே தன் பிள்ளை சாத்தனைப் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாத்தனுக்குப் பத்துப் பதினோரு மாதம். கறுத்து, கொழுகொழுவென்று, இடுப்பில் ஒற்றைச் சங்குமணி. வெயில் ஏறியதும் பசித்து அழுதான். எமரன்சியா கஞ்சித்தண்ணியை ஆற்றிக்கொண்டு திரும்புவதற்குள் விண்ணரசி அவனை எடுத்து மடியில் போட்டு மாராப்பை விலக்கிவிட்டாள்.

அன்று பகல் முழுவதும் அந்த வீட்டில் அந்தப் பேச்சு கேட்கவில்லை.

சாயங்காலம் வெண்ணி ஈரத்தோடு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வயிறு நிறைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து, விண்ணரசியின் நனைந்த ரவிக்கையைப் பார்த்து, அவள் காலடியில் நான்கு நுங்கை வைத்தாள். மறுநாள் காலை மறுபடி கொண்டுவந்து விட்டாள். ஒருநாள் உள்ளே வந்தவள், டிவிக்கு மேலே தொங்கிய, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இந்த மனிதன் என்ன குற்றம் செய்தான், ஆணி அடித்தது யார் என்று கேட்கிறாள் என்றாள் கில்டா டீச்சர். சொல்லிவிட்டு எமரன்சியாவைப் பார்த்தாள், ஏனென்றால் ஞானோபதேசத்தில் பரிசு வாங்கியது எமரன்சியா.

“நாங்கதான்னு சொல்லு டீச்சர்,” என்றாள் எமரன்சியா. “புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

டீச்சர் சொன்னாள். வெண்ணி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எமரன்சியாவின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டியிருந்த கைகள். ஆனாலும் மறுநாள் பிள்ளையைக் கொண்டுவந்து அதே கைகளில்தான் கொடுத்தாள், அவளுக்கு வேறு இடம் இல்லை.

பகலில் அமைதி, சாயங்காலம் சாத்தன் போனதும் அந்தப் பேச்சு. பகலெல்லாம் சேர்த்து வைத்தது போல இன்னும் தெளிவாக, இன்னும் நிறுத்தி. மூன்றாம் நவநாள் முடிகிற அன்று, புளியில்லாத குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டு முடித்த பிறகு எமரன்சியா ஒரு காரியம் நினைத்தாள். நினைத்ததும் செய்கிறவள், செய்த பிறகு நினைக்கிறவள். மறுநாள் சாயங்காலம் வெண்ணி வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி, கோயிலுக்குப் பின்னால் நின்ற ஒற்றை வேம்பில் ஒரு கொத்து ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள். கான்வென்ட்டில் படித்தவள், வேப்பிலையும் மஞ்சளும் அஞ்ஞானம் என்று மதர் அடித்துச் சொல்லிக் கேட்டவள், தன் கையால் செருகினாள்.

வெண்ணி வந்தாள். வாசலைப் பார்த்தாள். டீச்சரைக் கூப்பிட வேண்டியே இருக்கவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாசலில் வேப்பங்கொத்து என்றால் ஒன்றுதான்: உள்ளே அம்மை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் உள்ளே வரவும் கூடாது, பிள்ளை வெளியே போகவும் கூடாது. நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள், மூன்று அடி பின்னால் போனாள், உள்ளேயிருந்து பிள்ளையின் சத்தம் கேட்டதும் ஒரு அடி முன்னால் வந்தாள், மறுபடி பின்னால் போனாள். மணலில் உட்கார்ந்து உள்ளங்கையால் தரையை மூன்று தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரக்கையோடு எழுந்து போனாள்.

உள்ளே சாத்தன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கொசுக்கடி கூட இல்லை.

“இவனை ஏன் கொண்டுபோகலை?” என்றாள் விண்ணரசி.

“அவளுக்கு ஏதோ வேலையாம். ரெண்டு நாள் இருக்கட்டுமாம்.”

விண்ணரசி வாசல் பக்கம் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமும் அந்தப் பேச்சு வரவில்லை. எமரன்சியா கொடி ஏறிய நாளுக்குப் பிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் நாலு நாளாகி, நாலாம் நவநாள் முடிந்து ஐந்தாம் நவநாளும் வந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை, இலை வாடுகிறதா என்று பார்த்து, எமரன்சியா கொத்தை மாற்றினாள். வெண்ணி தினமும் தொழிலை முடித்துவிட்டு வந்து, வாசலுக்கு நேராகத் தண்ணீரிலேயே நின்று, பிள்ளைக்கு மட்டும் புரிகிற ஒரு ஒலியை எழுப்புவாள். சாத்தன் முதல் வாரம் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான், இரண்டாம் வாரம் டப்பாவைத் தட்டுவதை நிறுத்திக் கேட்டான், அப்புறம் நிறுத்தவும் இல்லை. தண்ணீரில் நின்றவள் தலையை வாரியிருக்கவில்லை. முடி திரிதிரியாகத் தொங்கியது.

“அவங்க கரையில யாரும் எண்ணெய் தொடுறதில்லையாம், மீன் சுடுறதில்லையாம்,” என்றாள் கில்டா டீச்சர் ஒருநாள், தண்ணீர் வாங்கிவிட்டுத் திரும்பும்போது. “ஊரே இந்தப் பிள்ளைக்காக நோன்பு கிடக்கு. தலைக்குத் தண்ணி எப்போ ஊத்துவீங்கன்னு கேக்குறாங்க. என்னக்கா, இவ்வளவு நாளா இறங்காத அம்மை உண்டா?”

எமரன்சியாவின் அடுப்பில் அப்போது மீன் பொரிந்துகொண்டிருந்தது. சாத்தனுக்கு முள் எடுத்து ஊட்டுவதற்காக விண்ணரசி போட்டது. வாசனை தெருவெல்லாம் போயிற்று. அம்மை கண்ட வீட்டில் யாராவது மீன் பொரிப்பார்களா என்று டீச்சருக்குத் தோன்றியிருக்கும், தோன்றாமல் இருக்க அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் தோன்றியதை அவளும் வாயால் சொல்லவில்லை. விண்ணரசி சுவரைப் பார்த்து உட்காருவதை நிறுத்தியதில் அந்தத் தெருவே கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“எறங்கும்போது எறங்கும். அது என்ன பஸ்ஸா, நேரம் சொல்லி வர்றதுக்கு?” என்றாள் எமரன்சியா.

அந்த வாரம் அவள் சனிக்கிழமை வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் சொல்லி முடித்தபோது வீட்டில் அடுப்பில் உலை இருப்பது ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி வந்துவிட்டாள். உலை ஒன்றும் வைத்திருக்கவில்லை.

ஆறாம் நவநாளின் ஏழாம் நாள் தொம்மை உபதேசியார் கோயிலில் எழுந்து நின்றார். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் மூன்று சர்க்கரை மாத்திரை இருந்தது. தீவிலேயே அவ்வளவுதான் மிச்சம், முப்பத்தெட்டுப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றார். “நாளை மறுநாள் மத்தியானம் கொடியை இறக்குறோம். போய்ச் சேர்ந்தா சேர்றோம். பாவம்னா என் தலையில போகட்டும்.” கோயிலில் இருந்தவர்கள் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். கொடி இறங்கினால் வீடு போய்ச் சேருவோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு துணியை மடித்தார்கள், தூசி படிந்த செல்போனைத் துடைத்தார்கள், எதிர்க்கரைக்குக் கொடுத்த குடங்கள் போனது போனதுதான் என்று பேசிச் சிரித்தார்கள்.

எமரன்சியா வீட்டுக்குள் வந்தபோது விண்ணரசி ஒரு பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தன்னுடைய சேலை இரண்டு. அதன்மேல் பழைய சேலையைக் கிழித்துக் கையால் தைத்த சின்னச் சட்டைகள், ஆறு, ஏழு. அதன்மேல் அந்தப் பிளாஸ்டிக் டப்பா.

“இதெல்லாம் யாருக்கு?”

“சாத்தனுக்கு.”

“அவனை எங்க கொண்டுபோறே? அவன் அம்மா எதிர்த்தாப்புல நிக்கிறா.”

“அவனுக்கு அம்மை, மாமி. அம்மை கண்ட பிள்ளையைப் போட்டுட்டு வரச்சொன்னீங்கன்னு ஒருதரம் கேட்டேன். ரெண்டாந்தரம் கேக்க மாட்டேன்.”

எமரன்சியா அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்காலியின் காதில் சொல்ல முடியாததை மருமகளிடம் சொன்னாள். “அவனுக்கு அம்மையே வரலை. நான்தான் இலையைச் செருகுனேன். நீ அந்தப் பேச்சைச் சொல்லாம இருக்கணும்னு செருகுனேன்.”

விண்ணரசி சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். “தெரியும். தினமும் நான்தானே குளிப்பாட்டுறேன். செருகுனது நீங்க. பார்த்துட்டு எடுக்காம விட்டது நான்.”

“ஆரோன் காத்துக்கிட்டிருப்பான்ட்டி.”

“இருப்பானா?” என்று அவள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். “அங்க எத்தனை நாள் ஆயிருக்கும் மாமி? அம்பது நாளா, அம்பது வருஷமா? போய் இறங்கும்போது என் பிள்ளை கிழவனா வந்து நின்னா நான் எதைத் தூக்குவேன்? தீவு நேரா அங்கதான் போகும்னு சந்தியாகப்பர் எழுதிக் குடுத்தாரா? இவனைக் குடுத்துட்டு, அவனும் இல்லைன்னா? உங்களுக்கு என்ன, நீங்க பெத்தவன் ஓமான்ல இருக்கான், பெரியவன், தானே சாப்பிட்டுக்குவான்.”

எமரன்சியா எழுந்து போய் அம்மியில் ஒன்றுமே வைக்காமல் அரைத்தாள்.

கொடி இறக்கும் அன்று காலையில் மருமகள்கள் போய்க் கம்பத்தடியைக் கழுவிக் கோலமிட வேண்டும், வீட்டுக்கு ஒருத்தி. விண்ணரசி தலைக்குக் குளித்து, சாத்தனுக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, அவனை எமரன்சியாவின் கையில் கொடுத்தாள். வேறு யார் கையிலும் கொடுத்திருக்கலாம், அண்டை வீட்டில் ஆள் இருந்தது.

“கம்பத்தைக் கழுவிட்டு வந்திர்றேன். பார்த்துக்கோங்க.”

“போயிட்டு வா.”

அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் எமரன்சியா வாசலில் நின்றாள். அன்றைக்கு ஆரோனை விட்டுவிட்டு வரச்சொன்னதும் கொடிக்குத்தான், இன்றைக்குச் சாத்தனை விட்டுவிட்டுப் போயிருப்பதும் கொடிக்குத்தான், இரண்டு தரமும் பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் நிற்பது ஒரே கிழவி என்று நினைத்தாள். தன்னைக் கிழவி என்று அவள் அதற்கு முன் நினைத்ததில்லை, ஐம்பத்து மூன்றுதான். வேப்பங்கொத்தைப் பிடுங்கி எறிந்தாள். பாலத்தில் தண்ணீர்க் கட்டுமரம் காலிப் பானைகளோடு கிளம்பிக்கொண்டிருந்தது. முட்டியளவு தண்ணீரில் இறங்கி, சேலை நனைய, பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். துடுப்பு போட்ட இரண்டு பேர் அவளையும் பிள்ளையையும் பார்த்தார்கள், கரையில் வாசலைப் பார்த்தார்கள், ஒரே மூச்சாகத் துடுப்பைப் போட்டார்கள்.

பாலத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “எங்க மைனி போறீங்க? மத்தியானம் கொடி இறங்குது!” என்று கத்தினார்.

“இறக்குங்க! எனக்காக நிக்காதீங்கன்னு உபதேசியார்கிட்டச் சொல்லு! ஒருதரம் அவசரப்பட்டவ சொல்றேன், இன்னொருதரமும் அவசரப்படுங்க!”

பாதிக் கடலில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காற்று எதிர்க்காற்று, சொற்கள் வந்து சேரவில்லை, ஆனால் எங்கே நிறுத்துகிறது, எங்கே தூக்குகிறது என்று எமரன்சியாவுக்குத் தெரியும். அதே பேச்சாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள். அதுவாக இல்லை. அது ஒரே ஒரு பெயர், திரும்பத் திரும்ப, அது ஆரோனா சாத்தனா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்த லோத்தின் பெண்சாதி உப்பாய் நின்றாள் என்று மதர் சொல்லிக் கொடுத்திருந்தார். எமரன்சியா திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் காதைத் தன் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

வெண்ணி இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கரையில் அவள் ஊர் நின்றது, எண்ணெய் காணாத தலைகளோடு. பிள்ளையை வாங்கியவள் உடனே அணைக்கவில்லை. கரைக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து, முதுகைத் திருப்பிப் பார்த்தாள், அக்குளைப் பார்த்தாள், காதுமடலுக்குப் பின்னால், உள்ளங்காலில், விரலிடுக்கில் பார்த்தாள். அம்மை இறங்கிய பிள்ளை உடம்பில் இருக்க வேண்டிய ஒரு வடு கூட இல்லை. மறுபடி ஒருதரம் முதலிலிருந்து பார்த்தாள். அப்புறம் எமரன்சியாவைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, அன்றைக்கு டிவிக்கு முன்னால் நின்று பார்த்ததைப் போல, இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாத்தன் அழ ஆரம்பித்தான். வெண்ணி மணலில் உட்கார்ந்து அவனை மடியில் கிடத்திப் பால் கொடுத்தாள். அவன் வாய் வைத்தான், இழுத்தான், விட்டுவிட்டான். அடுத்த பக்கம் மாற்றினாள். அங்கேயும் இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி வீறிட்டான். இருபத்தேழு நாளில் அவளுக்குப் பால் வற்றியிருந்தது. அவள் மார்பை அழுத்திப் பிழிந்தாள், ஒன்றும் வரவில்லை, மறுபடி பிழிந்தாள். பிள்ளை அவள் மடியில் வில்லாக வளைந்து, அவளை யாரென்று தெரியாமல், தெரிந்த முகம் என்று அங்கே இருந்த ஒரே முகத்தைப் பார்த்து, எமரன்சியாவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அப்போது கூட்டத்தில் யாரோ கடலைக் காட்டினார்கள். எமரன்சியா இப்போது திரும்பினாள். தீவு இருந்த இடத்தில் மணல்திட்டும் முள்செடியும் இருந்தன, அலை அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆகியிருந்தது. போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாலத்தில் குதித்து விண்ணரசி ஓடியிருப்பாள், யாராவது ஒரு பிள்ளையை அவளை நோக்கித் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள், அல்லது இல்லை. அதற்காக ஒரு ஜெபம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். இந்தத் தேதியில் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பிள்ளை மூச்சு அடைக்க அழுதுகொண்டிருந்தான். வெண்ணி அவனை மார்போடு சேர்த்துப் பிடித்து, எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அவளைச் சுற்றி அவளுடைய ஆட்கள் நெருங்கி நின்றார்கள். எமரன்சியா நனைந்த சேலையோடு மணலில் இரண்டு அடி முன்னால் போய், அந்த முதுகை நோக்கிக் கைகளை நீட்டினாள்.

“கொஞ்சம் குடு தாயி. தட்டிக்குடுத்துத் தூங்க வச்சுட்டு உடனே குடுத்திர்றேன்.”